பக்கத்துக்குப் பத்து ரூபாய்: கூலி வந்ததும் தன்னார்வலர்கள் விலகுவது ஏன்?

கேள்வி: பழைய தமிழ் நூல்களை மின்னூலாக்கும் இணையக் குழு ஒன்றை ஏழு ஆண்டுகளாக ஒருங்கிணைக்கிறேன். நாற்பது பேர் அளவில் மெய்ப்பு பார்க்கிறார்கள். யாருக்கும் பணம் கொடுத்ததில்லை. பெரும்பாலான வேலை எங்கள் சொந்தத் தளத்தில் நடக்கிறது, சில நூல்கள் மட்டும் விக்கிப்பீடியாவின் துணைத் திட்டமான தமிழ் விக்கிமூலம் என்ற நூல் தளத்தில். சென்ற ஆண்டு கனடாவில் இருக்கும் ஒரு தமிழர் 6 லட்சம் ரூபாய் தந்தார். அது என் சேமிப்புக் கணக்குக்கு வந்தது. வேலை வேகமாக நடக்கட்டும் என்று இரண்டு கல்லூரி மாணவர்களுக்குப் பக்கத்துக்கு 10 ரூபாய் வீதம் கொடுத்தோம். நிர்வாகிகள் ஐந்து பேருக்கு மட்டும்தான் தெரியும். 11,000 பக்கம் முடிந்த நிலையில், பணம் அனுப்பிய ஸ்கிரீன்ஷாட் ஒன்று தவறுதலாகப் பொதுக் குழுவில் விழுந்துவிட்டது. 9,000 பக்கம் மெய்ப்பு பார்த்த ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர், "அப்ப நான் செஞ்சதுக்கு என்ன கணக்கு?" என்று கேட்டுவிட்டு விலகிவிட்டார். இன்னும் பலர் சத்தமில்லாமல் நின்றுவிட்டார்கள். பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிடவா? இல்லை, எல்லோருக்கும் கொடுக்கவா? நன்கொடையாளரோ தன் தாத்தாவின் நூலை முதலில் முடிக்கச் சொல்கிறார்.
— ஓர் ஒருங்கிணைப்பாளர், திருச்சி

பதில்:

மனத்தாங்கலுக்கு முன்னால் பணம் எங்கே இருக்கிறது என்பதைப் பேசியாக வேண்டும், அதுதான் அவசரம். அந்த 6 லட்சத்தில் மிச்சம் இருப்பதிலிருந்து இன்று முதல் எதையும் எடுக்காதீர்கள். மாணவர்களுக்குப் பாக்கி இருந்தால் நிர்வாகிகள் ஐவரும் கைப்பணத்தைப் போட்டுக் கொடுத்து முடியுங்கள்.

நன்கொடையாளர் எந்த நாட்டுக் குடிமகன் என்று கேளுங்கள். அவரிடம் இந்தியக் கடவுச்சீட்டு இருந்து, சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பியிருந்தால் அது வெளிநாட்டுப் பங்களிப்பு ஆகாது. கனடியக் குடியுரிமை வாங்கியவர் என்றால், ஓசிஐ (வெளிநாடு வாழ் இந்திய வம்சாவளியினருக்கான) அட்டை இருந்தாலும், சட்டத்தின் கண்ணில் அவர் வெளிநாட்டு ஆதாரம். கல்வி, பண்பாடு சார்ந்த ஒரு திட்டத்துக்காக அப்படிப்பட்டவரிடம் பணம் வாங்க 2010-ஆம் ஆண்டின் வெளிநாட்டுப் பங்களிப்பு ஒழுங்குமுறைச் சட்டத்தின் (எஃப்சிஆர்ஏ) கீழ் பதிவோ முன் அனுமதியோ வேண்டும். பணமும் புது தில்லியில் உள்ள பாரத ஸ்டேட் வங்கியின் முதன்மைக் கிளைக் கணக்கில்தான் வந்து விழ வேண்டும். "எஃப்சிஆர்ஏ பதிவு உள்ள ஒரு டிரஸ்ட் வழியாக வாங்கித் தருகிறேன்" என்று யாராவது நல்லெண்ணத்தோடு சொல்வார்கள். 2020 திருத்தத்துக்குப் பிறகு அப்படி வாங்கிய பணத்தை இன்னொருவருக்குக் கைமாற்ற முடியாது. ஆகவே அவர் கனடியக் குடிமகன் என்று தெரிந்தால் நீங்களாகச் செலவழிக்கவும் வேண்டாம், நீங்களாகத் திருப்பி அனுப்பவும் வேண்டாம். இந்தச் சட்டத்தில் பழக்கமுள்ள ஆடிட்டர் ஒருவரைப் பார்த்து, அவர் எழுத்தில் சொல்லும் வழியில் நடங்கள்.

இன்னொரு சிக்கலும் உண்டு. உறவினர் அல்லாதவரிடமிருந்து ஓர் ஆண்டில் 50,000 ரூபாய்க்கு மேல் பணமாக வந்தால் அது வாங்கியவரின் வருமானமாக எண்ணப்படும். "அது குழுவின் பணம், நான் வைத்திருந்தேன், அவ்வளவுதான்" என்று வருமான வரித் துறையிடம் சொல்ல உங்களிடம் காகிதம் ஏதும் இல்லை. நன்கொடையாளர் இன்ன நோக்கத்துக்கு என்று எழுதிய மின்னஞ்சல், மாணவர்களுக்குப் பணம் அனுப்பிய பதிவுகள், குழுவின் தீர்மானம் எல்லாவற்றையும் ஒரே கோப்பில் சேருங்கள். நாற்பது பேர் உள்ள குழுவுக்கு ஒரு சட்ட வடிவம் இருப்பது நல்லது. தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975-இன்படி ஏழு பேர் சேர்ந்தால் சங்கம் பதியலாம். அறக்கட்டளை தொடங்குவது இதைவிட எளிது என்றாலும் முடிவெடுக்கும் உரிமை சில அறங்காவலர்களிடம் போய்விடும். உங்கள் குழுவில் இப்போது வெடித்திருப்பதே 'ஐந்து பேர் முடிவெடுத்தார்கள்' என்ற கோபம்தான். எனவே உறுப்பினருக்கு ஓட்டு உள்ள சங்கமே உங்களுக்குப் பொருந்தும்.

இனி அந்தப் பத்து ரூபாய்க்கு வருவோம். குழுவுக்குள் பணம் நுழைந்ததே தப்பு என்று சிலர் சொல்லியிருப்பார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. உலகின் பாதி இணையத் தளங்களைக் காத்துக்கொண்டிருந்த ஓப்பன்எஸ்எஸ்எல் மென்பொருளுக்கு 2014-க்கு முன் ஆண்டுக்குச் சுமார் 2,000 டாலர்தான் நன்கொடை வந்துகொண்டிருந்தது. அந்த ஆண்டு ஏப்ரலில் அதில் 'ஹார்ட்பிளீட்' என்ற பாதுகாப்பு ஓட்டை வெளிப்பட்ட பிறகுதான் பெரிய நிறுவனங்கள் பணத்தோடு வந்தன. பணமே இல்லாமல் இருப்பதிலும் புனிதம் ஒன்றும் இல்லை. உங்கள் குழுவைக் கெடுத்தது பணத்தைக் கொடுத்த விதம்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஓசிஆர் எடுத்த, அதாவது படத்திலிருந்து கணினி எழுத்தாக மாற்றிய, பழைய நூலின் ஒரு பக்கத்தைப் படத்தோடு ஒப்பிட்டு, வரிவரியாகப் படித்துத் திருத்த 12 நிமிடம் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு ஐந்து பக்கம், 50 ரூபாய். ஒரு கல்லூரி மாணவர் மணிக்கு 200 ரூபாயாவது கிடைத்தால்தான் உட்கார்வார். அதற்கு 20 பக்கம் முடிக்க வேண்டும், அதாவது பக்கத்துக்கு மூன்று நிமிடம். மூன்று நிமிடத்தில் பக்கத்தை மேலோட்டமாகப் பார்க்கலாம், படிக்க முடியாது. கால் (ா) 'ர' ஆகியிருப்பது, 'ஔ' 'ஒள' என்று உடைந்திருப்பது, 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய அச்சில் வரும் பழைய லை, னை, றா வடிவங்கள் வேறேதோ எழுத்தாக மாறியிருப்பது, வரி இறுதியில் உடைந்த சொல் ஒட்டாமல் கிடப்பது, இவற்றில் கண்ணில் குத்துவதை மட்டும் திருத்திவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போவார்கள். 'அவன்' என்பது 'அவள்' என்று மாறியிருந்தால் அது தெரியவே தெரியாது. மாணவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. படிக்காதே என்று அந்தக் கட்டணமே அவர்களிடம் சொல்லிவிட்டது.

அடுத்தது இன்னும் மோசம். விக்கிமூலத்தில் பக்கத்துக்கு நிறம் உண்டு: மெய்ப்பு பார்க்காதது சிவப்பு, ஒருவர் பார்த்தது மஞ்சள், வேறொருவர் மறுபடி சரிபார்த்தது பச்சை. உங்கள் சொந்தத் தளத்திலும் இப்படி இரண்டு கட்டம் இருக்கும். மாணவர்கள் மஞ்சளாக்கிய 11,000 பக்கத்தையும் பச்சையாக்குவது யார்? பணம் வாங்காதவர்கள். அதுவும் முதல் மெய்ப்பு மேலோட்டமாக நடந்த பக்கத்தில் இரண்டாவது ஆள் செய்வது சரிபார்ப்பே அல்ல, முதல் மெய்ப்பையும் சேர்த்துச் செய்கிறார். பத்து ரூபாயை ஒருவர் வாங்கிக்கொண்டார், பன்னிரண்டு நிமிடத்தை இன்னொருவர் சும்மா கொடுத்தார். அந்த ஆசிரியருக்கு ஸ்கிரீன்ஷாட் வருவதற்கு முன்பே 'சமீபமாக வரும் பக்கங்கள் சரியில்லையே' என்று உறைத்திருக்கக்கூடும். பணத்தைப் பார்த்ததும் காரணமும் புரிந்திருக்கும்.

தமிழ் இணையத்துக்கு இது புதிதல்ல. 2009-ஐ ஒட்டி கூகுள் நிறுவனம் கூலி மொழிபெயர்ப்பாளர்களை வைத்து ஆங்கில விக்கிப்பீடியாக் கட்டுரைகளைத் தமிழ் உள்ளிட்ட சில இந்திய மொழிகளுக்கு மாற்றி ஏற்றியது. கட்டுரைகள் நீளமாக இருந்தன, நடை இயந்திரத்தனமாக இருந்தது. அமெரிக்கப் பாடகர்களும் திரைப்படங்களும் தலைப்புகளாக வந்து குவிந்தன. ஏற்றியவர்கள் பேச்சுப் பக்கத்தில் கேட்ட கேள்விக்கு வந்து பதில் சொல்லவில்லை. துப்புரவு முழுவதும் தன்னார்வலர் தலையில் விழுந்தது. வங்க விக்கிப்பீடியா அந்தக் கட்டுரைகளை ஏற்க மறுத்தது. தமிழ் விக்கிப்பீடியர்கள் பேச்சுவார்த்தைக்குப் போனார்கள், 2010-இல் போலந்தின் கதான்ஸ்க் நகரில் நடந்த விக்கிமேனியா மாநாட்டிலும் இந்த அனுபவத்தை முன்வைத்தார்கள். தலைப்பைத் தேர்வது யார், பிழையைத் திருத்துவது யார் என்ற இரண்டும்தான் அப்போதும் கேள்வி. மொழிபெயர்ப்பாளருக்கு ஏன் சம்பளம் என்பது பெரிய பேச்சாக இல்லை.

டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளத்தைத் தன்னார்வலர்கள்தான் உருவாக்குகிறார்கள். ஒரே சமூகத்தில் பணம் இரண்டு முறை நுழைந்து இரண்டு விதமாக முடிந்ததற்கு அதைவிட நல்ல உதாரணம் இல்லை. 2006-இல் அடுத்த பதிப்பை டிசம்பருக்குள் வெளியிட வேண்டும் என்று வெளியீட்டு மேலாளர்கள் இருவருக்கு மட்டும் முழுநேர ஊதியம் கொடுக்க 'டங்க்-டேங்க்' என்ற ஏற்பாடு தொடங்கியது. அதன் பின்னால் இருந்தவர்களில் திட்டத் தலைவரும் ஒருவர். 'தனிப்பட்ட முயற்சிதான், டெபியன் பணம் இல்லை' என்று அவர்கள் சொன்னது எடுபடவில்லை. அதே அளவு முக்கியமான வேலையைச் சும்மா செய்துகொண்டிருந்த சிலர், இனித் தங்கள் வேலையைக் குறைத்துக்கொள்வதாக வெளிப்படையாகவே அறிவித்தார்கள். தலைவரைப் பதவியிலிருந்து நீக்கும் தீர்மானம் ஓட்டெடுப்பு வரை போய்த் தோற்றது. டிசம்பரில் வர வேண்டிய பதிப்பு 2007 ஏப்ரல் 8 அன்றுதான் வந்தது. தாமதத்துக்கு வேறு காரணங்களும் இருந்தன என்றாலும் வேகத்துக்காகக் கொடுத்த பணம் வேகத்தைத் தரவில்லை.

அதே டெபியனில் 2014 முதல் பழைய பதிப்புகளுக்குப் பாதுகாப்புத் திருத்தம் தரும் வேலைக்குப் பணம் கொடுக்கப்படுகிறது. ஃப்ரீக்சியன் என்ற நிறுவனம் ஆதரவாளர்களிடம் வசூலித்து, பங்களிப்பாளர்களுக்கு மணிக்கணக்கில் தருகிறது. யார் எத்தனை மணி நேரம் வேலை செய்தார் என்று மாதாமாதம் அறிக்கை வெளியாகிறது. இன்றுவரை ஓடிக்கொண்டிருக்கிறது. ஐந்தாறு ஆண்டு பழைய மென்பொருளில் ஓட்டை அடைப்பது யாரும் ஆசைப்பட்டுச் செய்யும் வேலை இல்லை. பணம் அங்கே எவருடைய இடத்தையும் பறிக்கவில்லை. உங்கள் குழுவோ எல்லோரும் ஆசையாகச் செய்த வேலைக்கே, அதுவும் இரண்டு பேருக்கு மட்டும், மறைத்துக் கொடுத்தது.

பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டால் பழையபடி ஆகிவிடுமா என்று கேட்கிறீர்கள். சட்டம் திருப்பிக் கொடுக்கச் சொன்னால் வேறு வழி இல்லை. சமாதானத்துக்காக மட்டும் என்றால் எனக்கு நம்பிக்கை இல்லை. இஸ்ரேலின் ஹைஃபா நகரில் பத்துக் குழந்தைகள் காப்பகங்களில் யூரி நீசி, ஆல்டோ ருஸ்டிசினி என்ற இரண்டு பொருளியலாளர்கள் செய்த சோதனை 2000-இல் வெளியானது. பிள்ளையை அழைத்துப்போகத் தாமதமாக வரும் பெற்றோருக்கு ஆறு காப்பகங்களில் சிறு அபராதம் போட்டார்கள். தாமதமாக வருபவர்கள் குறையவில்லை, ஏறத்தாழ இரட்டிப்பானார்கள். பிறகு அபராதத்தை எடுத்தும் பழைய நிலைக்கு இறங்கவில்லை. அங்கே இருந்தது அபராதம், இங்கே இருப்பது கூலி. ஆனாலும் ஒரு தடவை விலை ஒட்டப்பட்ட பிறகு அதைக் கிழித்துப் போட்டாலும் பார்த்தவர்கள் மறப்பதில்லை என்பது உங்கள் குழுவுக்கும் பொருந்தும்.

எல்லோருக்கும் கொடுப்பது அதைவிடத் தவறு. அந்த ஆசிரியரின் 9,000 பக்கத்துக்கு உங்கள் விலையில் 90,000 ரூபாய். அந்தத் தொகையை அவர் முன்னால் வைத்தால், ஏழு ஆண்டு உழைப்பு மாதத்துக்கு ஆயிரத்துச் சொச்சம் என்று நீங்களே எழுதிக் கொடுத்ததாக ஆகும். பொன்னாடை போர்த்தி, சான்றிதழ் கொடுத்துச் சமாளிக்கலாம் என்றும் யாராவது சொல்வார்கள். வேண்டாம். அவர் கேட்டது கணக்கு. கணக்கைத்தான் காட்ட வேண்டும்.

இந்த வாரத்துக்குள் பொதுக் குழுவில் ஐவர் பெயரையும் போட்டு ஓர் அறிவிப்பு வையுங்கள். கிட்டத்தட்ட இப்படி:

"சென்ற ஆண்டு ஒரு நன்கொடையாளர் 6,00,000 ரூபாய் தந்தார். அதில் 1,10,000 ரூபாயை, பக்கத்துக்கு 10 ரூபாய் வீதம், 11,000 பக்கங்களுக்காக இரண்டு பேருக்குக் கொடுத்தோம். முடிவெடுத்தது நாங்கள் ஐவர். உங்களிடம் கேட்கவில்லை, கேட்டிருக்க வேண்டும். மீதி 4,90,000 ரூபாய் அப்படியே இருக்கிறது. அதை வைத்திருக்கவும் செலவழிக்கவும் சட்டப்படி இடம் உண்டா என்று ஆடிட்டரிடம் கேட்டிருக்கிறோம். பதில் வரும்வரை யாருக்கும் பணம் போகாது. அந்த இருவரும் தாமாகக் கேட்டு வரவில்லை, நாங்கள்தான் அழைத்தோம். கோபம் எங்களிடம் இருக்கட்டும். வரவு செலவு முழுவதும் இணைப்பில் உள்ளது."

இதில் நல்ல நோக்கம், தமிழ்த் தொண்டு என்று ஒரு சொல்லும் சேர்க்காதீர்கள். சேர்த்தால் அதைப் பிடித்துக்கொண்டுதான் வாக்குவாதம் நடக்கும். கீழே வரும் கோபமான பதில்களை நீக்கவும் வேண்டாம். 'குழுவை நிர்வாகிகள் மட்டும் பதிவிடும்படி மாற்றிவிடலாமா' என்ற யோசனை இரண்டாம் நாள் வரும். அதைச் செய்தால் மிச்சம் இருப்பவர்களும் போவார்கள்.

அறிவிப்போடு அந்த 11,000 பக்கத்தின் தரத்தையும் பரிசோதியுங்கள். எல்லா நூல்களிலிருந்தும் குலுக்கல் முறையில் 110 பக்கம் எடுத்து, நிர்வாகிகள் ஐவரும் ஆளுக்கு 22 பக்கம் படத்தோடு ஒப்பிட்டுப் படியுங்கள். பக்கத்துக்கு 12 நிமிடம் என்றால் ஒருவருக்கு நாலரை மணி நேரம். இதைத் தன்னார்வலரிடம் தள்ளக் கூடாது. எந்த நூலில் பிழை மிகுதியோ அந்த நூலை மறுபடி முதல் கட்டத்துக்கு இறக்கிவிடுங்கள். எண்ணிக்கை குறையும், தளத்தின் முகப்பில் போட்டிருக்கும் சாதனைப் புள்ளியும் குறையும். குறையட்டும்.

விக்கிமூலத்தில் செய்த பக்கங்களுக்குத் தனியாக ஒரு கடமை இருக்கிறது. பணம் பெற்றுச் செய்யும் பங்களிப்பை, யார் பணம் தருகிறார், யாருக்காக, என்ன தொடர்பு என்று தெரிவிக்க வேண்டும் என 2014 ஜூன் முதல், விக்கிமூலத்தை நடத்தும் விக்கிமீடியாவின் பயன்பாட்டு விதி சொல்கிறது. பயனர் பக்கம், பேச்சுப் பக்கம், தொகுப்புச் சுருக்கம் ஆகிய மூன்றில் ஓர் இடத்தில் எழுதினால் போதும். மாணவர்கள் இதை எழுதவில்லை என்றால் உடனே எழுதச் சொல்லுங்கள். விதி தெரியாமல் நடந்தது என்று விக்கிமூலத்தின் பொது உரையாடல் பக்கமான ஆலமரத்தடியில் நீங்களே முதலில் போய்ச் சொல்லிவிடுவது, யாரோ கண்டுபிடித்து அவர்கள் கணக்கு முடக்கப்படுவதைவிட நல்லது.

ஆடிட்டர் பச்சைக்கொடி காட்டினால் மீதி 4,90,000 ரூபாயை என்ன செய்யலாம்? முடிவு குழுவினுடையது, ஒரு தொடக்க வரைவு மட்டும் தருகிறேன். சர்வர், டொமைன் செலவுக்கு மூன்று ஆண்டுக்கு 90,000. சங்கப் பதிவு, ஆடிட்டர் கட்டணத்துக்கு 60,000. ஸ்கேன் செய்யும் கருவிக்கும், நூலகங்களுக்குப் போய்வரும் பயணத்துக்கும் 70,000. பகுதிநேர உதவியாளர் ஒருவருக்கு மாதம் 12,000 வீதம் பத்து மாதத்துக்கு 1,20,000. யாரும் எடுக்காத கடினப் பக்கங்களுக்கு 1,00,000. கையிருப்பு 50,000.

அந்த உதவியாளர் மெய்ப்பு பார்க்கக் கூடாது. தன்னார்வலர் வெறுக்கும் வேலைகளைச் செய்ய வேண்டும்: ஸ்கேன் கோப்பில் விட்டுப்போன பக்கத்தைத் தேடுவது, நூல் விவர அட்டவணையை நிரப்புவது, நூலாசிரியர் இறந்த ஆண்டைக் கண்டறிந்து பதிப்புரிமை பார்ப்பது, புதியவர்களின் கேள்விக்கு ஒரு நாளுக்குள் பதில் சொல்வது. மெய்ப்பு பார்க்கும் நாற்பது பேரும் 'இவர் இருப்பதால் நம் நேரம் மிச்சமாகிறது' என்று உணர வேண்டும். அப்படி உணர்ந்தால் அவர் சம்பளத்தைப் பற்றி யாரும் முணுமுணுக்க மாட்டார்கள்.

கடினப் பக்கங்கள் என்றால் பஞ்சாங்க அட்டவணை, அகராதியின் இரட்டைப் பத்தி, அடிக்குறிப்பு நெருக்கிய உரைநூல், பூச்சி அரித்த பக்கம் போன்றவை. நூல் பட்டியலை முதலில் தன்னார்வலர்களிடம் 30 நாள் வைத்திருங்கள். வேண்டியதை அவர்கள் எடுத்துக்கொண்ட பிறகு மிஞ்சுவதுதான் கூலி வேலைக்குப் போக வேண்டும். கட்டணத்தை அளந்து வையுங்கள்: எளிய அச்சு, செய்யுள், அட்டவணை என மூன்று வகையில் இருபது பக்கம் எடுத்து, மூன்று பேர் கடிகாரம் வைத்துப் பார்த்து, நடுவில் வரும் நேரத்தைக் கொள்ளுங்கள். 12 நிமிடப் பக்கத்துக்கு மணிக்கு 200 ரூபாய்க் கணக்கில் 40 ரூபாய், 20 நிமிட அட்டவணைப் பக்கத்துக்கு 67 ரூபாய். நாற்பது ரூபாய் வீதம் ஒரு லட்சத்துக்கு 2,500 பக்கம்தான் வரும். பழைய விலையில் 10,000 பக்கம் வந்திருக்குமே என்று நன்கொடையாளர் கேட்பார். அந்தப் பத்தாயிரத்தில் எத்தனை பக்கத்தை மறுபடி படிக்க வேண்டியிருக்கிறது என்பதை உங்கள் 110 பக்கப் பரிசோதனை சொல்லும். அதை அவரிடம் காட்டுங்கள்.

நூறு பக்கம் ஒரு கட்டு. ஒவ்வொரு கட்டிலும் பத்துப் பக்கம் குலுக்கி எடுத்துச் சரிபார்க்க வேண்டும். பத்துப் பக்கத்தில் பத்துப் பிழைக்கு மேல் இருந்தாலும், ஒரு முழு வரி விட்டுப்போயிருந்தாலும் கட்டு திரும்பிப் போகும், கூடுதல் பணம் கிடையாது. இந்த விதியை வேலை கொடுக்கும் முன்பே எழுத்தில் கொடுக்க வேண்டும். சரிபார்ப்பவருக்கும் அதே மணிக்கட்டணம். இல்லாவிட்டால் பழைய சிக்கலே வேறு வாசல் வழியாக வரும். ஒப்பந்தத்தில் திருத்திய உரை உங்கள் தளத்தின் அதே திறந்த உரிமத்தில் வெளியாகும் என்ற வரியும், வரிப்பிடித்தம் உண்டானால் பிடிக்கப்படும் என்ற வரியும் இருக்கட்டும். வரிப்பிடித்தத்தின் வரம்பும் விகிதமும் மாறிக்கொண்டே இருப்பவை, ஏப்ரல்தோறும் ஆடிட்டரிடம் கேளுங்கள்.

எண்ணிக்கைக்குப் பரிசு தரும் போட்டி நடத்தலாம் என்ற யோசனையும் கூட்டத்தில் எழும். 2020 அக்டோபரில் 'ஹேக்டோபர்ஃபெஸ்ட்' நிகழ்வில் நான்கு மென்பொருள் திருத்தம் அனுப்பினால் ஒரு டீ-சர்ட் என்றார்கள். 'அருமையான' என்று ஒரு சொல்லைச் சேர்த்தும்கூடத் திருத்தம் என்று அனுப்பிக் குவித்தார்கள். மூன்றே நாளில், விரும்பிச் சேர்ந்த திட்டங்களுக்கு மட்டும் என்று விதியை மாற்ற வேண்டி வந்தது. ஒரு டீ-சர்ட்டுக்கே அந்த நிலை.

அதிகாரத்தையும் பணத்தையும் தனித்தனியாக வையுங்கள். கூலி வாங்குபவருக்கு நிதி பற்றிய முடிவில் ஓட்டு கிடையாது. நிர்வாகிகளுக்கும் அவர்கள் வீட்டாருக்கும் கூலி வேலை கிடையாது. அவர்களுக்குச் செலவுத் தொகை மட்டும், ரசீது வைத்து. மாதம் ஒன்றாம் தேதி வரவு, செலவு, கட்டுகளின் எண்ணிக்கை, திரும்பிப்போன கட்டுகளின் எண்ணிக்கை எல்லாம் பொதுக் குழுவில் வர வேண்டும். ஒரு மாதம் ஒன்றும் நடக்காவிட்டாலும் 'செலவு இல்லை' என்று போடுங்கள்.

பயத்தில் சில குழுக்கள் எதிர்ப்பக்கம் சாய்ந்து, தன்னார்வலர்களுக்கும் வாரத்துக்கு இத்தனை பக்கம் என்று இலக்கு வைக்கத் தொடங்கும். அமெரிக்காவில் ஏஓஎல் நிறுவனம் தன் அரட்டை அறைகளைக் கவனித்த தன்னார்வலர்களுக்கு நேர ஒதுக்கீடும் பணி அறிக்கையும் கட்டாயமாக்கியிருந்தது. 1999-இல் அவர்கள் நாங்கள் ஊழியர்களே என்று வழக்குப் போட்டார்கள். பத்து ஆண்டுக்கு மேல் இழுத்து, 1.5 கோடி டாலரில் சமரசம் ஆனது. இலவசமாகச் செய்பவரிடம் வருகைப் பதிவேடு வைக்காதீர்கள்.

ஆசிரியரைப் பற்றி. வாட்ஸ்அப்பில் அனுப்பாதீர்கள். அவர் வீடு எட்டும் தூரத்தில் இருந்தால் நேரில் போங்கள், இல்லாவிட்டால் தொலைபேசியில், ஐவரில் அவரோடு அதிகம் பழகியவர் பேசட்டும். "ஐயா, உங்களிடம் கேட்காமல் செய்தது தப்பு" என்பதை முதலில் சொல்லிவிடுங்கள். திரும்பி வாருங்கள் என்று அந்த உரையாடலிலேயே கேட்க வேண்டாம். அவர் மெய்ப்பு பார்த்த நூல்களில் கூலி மெய்ப்பு கலந்ததா என்று கேட்பார். பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு போங்கள். மனம் இருந்தால் அந்தச் சரிபார்ப்பு விதிகளை வகுக்க உதவ முடியுமா என்று கேட்கலாம். 9,000 பக்கம் பார்த்தவருக்குத் தெரிந்த பிழை வகைகள் உங்கள் ஐவருக்கும் தெரியாது. வரவில்லை என்றால் விட்டுவிடுங்கள், நூல்களின் இறுதிப் பக்கத்தில் அவர் பெயர் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். மாணவர்கள் இருவருக்கும் இந்தக் கூச்சலில் யாரும் ஆறுதல் சொல்லியிருக்க மாட்டார்கள். அவர்களைக் கூப்பிட்டுப் பேசுங்கள், முடித்த பக்கத்துக்கான பணத்தில் ஒரு ரூபாயும் பிடிக்காதீர்கள். புதிய விதியில் தொடர விருப்பமா என்றும் கேளுங்கள்.

தாத்தாவின் நூல் விஷயத்தில் நன்கொடையாளருக்கு இப்படி எழுதலாம்: நன்கொடை பொது நிதிக்கு, நூல் வரிசையைக் குழு முடிவு செய்யும், உங்கள் தாத்தாவின் நூலும் அந்த 30 நாள் பட்டியலில் வைக்கப்படும். அதை யாராவது ஆர்வத்தோடு எடுத்தால் வரிசையைத் தாண்டியே வந்துவிடும். ஆனால் பட்டியலில் ஏற்றும் முன் பதிப்புரிமையைப் பாருங்கள். நூலாசிரியர் இறந்த ஆண்டுக்கு அடுத்த ஜனவரியிலிருந்து 60 ஆண்டு முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை என்றால், அரசு நாட்டுடைமை ஆக்கிய நூலாக இல்லாத பட்சத்தில், உரிமை அவருடைய வாரிசுகள் அனைவருக்கும் சேர்ந்தது. பேரன் ஒருவர் கனடாவிலிருந்து அனுப்பும் மின்னஞ்சல் போதாது. மற்ற வாரிசுகள் யார் யார், பதிப்பகத்துக்கு உரிமை எழுதிக் கொடுத்தார்களா என்று கேட்டு, எல்லோருடைய கையெழுத்தும் உள்ள அனுமதிக் கடிதம் வந்த பிறகு ஸ்கேன் செய்யத் தொடங்குங்கள்.